அகராதி பார்த்துச் சொல்லுறன்

2014-ஆம் ஆண்டு ஒரு காலையில், எதிர்மேசையில் இருந்த அய்யே (சிங்களத்தில் அண்ணன், அவருக்கு நான் மல்லி, அதாவது தம்பி) சிங்களப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "மல்லி, இந்த இணைப்பாட்சி எண்டால் என்ன?" கேட்டது சிங்களத்தில். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில், பத்திரிகையில் சிங்கள எழுத்தில் போட்டிருந்தபடியே, கொஞ்சம் தடுக்கி உச்சரித்தார். நாங்கள் இருவரும் இருபது வருடமாக ஒரே அறையில் இருந்து மொழிபெயர்த்தவர்கள். அவர் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு, நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. சுற்றறிக்கை, வர்த்தமானி அறிவித்தல், கேள்விப்பத்திரம், வெள்ள நிவாரணப் படிவம் என்று ஒரே காகிதம் இரண்டாகப் பிரிந்து எங்கள் இரண்டு மேசைகளுக்கும் வரும். ஒருவருக்குச் சொல் வராவிட்டால் மற்றவரைக் கேட்பது வழக்கம். தலை நிமிராமலே பதில் சொல்லிவிடுவோம்.

அன்று நான் தலை நிமிர்ந்தேன். "அகராதி பார்த்துத்தான் சொல்லவேணும் அய்யே" என்றேன்.

என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் அகராதிகள் அடுக்கியிருந்தன. அவருக்கும் தெரியும், இப்படியான சொல்லுக்கெல்லாம் நான் அவற்றைத் திறப்பதில்லை என்று. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு "ஹரி ஹரி" என்று, சரி சரி என்பதாக, சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, மிரட்டவில்லை. ஆனால் பதினொரு வருடமாகியும் அது என் தொண்டையில் மீன்முள்ளுப் போல நிற்கிறது. ஒரு கட்சியைத் தடைசெய்யலாமா, அது சட்டப்படி சரியா என்று எங்கே பேச்சு வந்தாலும், ஆட்கள் ஜனநாயகம், பயங்கரவாதம், இறைமை என்று பெரிய சொற்களை எடுக்கும்போது, எனக்கு அந்த மேசையும் அந்தக் கோப்பையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

விஷயம் இதுதான். அந்த வருடம் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டிருந்தார். (இந்திய வாசகர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம் என்றால் உங்கள் உச்ச நீதிமன்றம். இதுவே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்தான், இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நோக்கங்களில் ஒன்று தனி அரசு அமைப்பது, ஆகவே அரசியலமைப்பின் 157அ உறுப்புரையின் கீழ் அப்படி ஒரு பிரகடனம் செய்யவேண்டும் என்று கேட்டார். பிரகடனம் வந்தால் கட்சி தடைசெய்யப்பட்டதாகிவிடும். அவர் காட்டிய முக்கியமான ஆதாரங்களில் ஒன்று, 2008-இல் கட்சி தன் யாப்பில், அதாவது கட்சி விதிகளில், செய்த ஒரு சொல் மாற்றம். அதுவரை 'சமஷ்டி' என்று இருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்று போட்டார்கள். சமஷ்டி என்றால் ஒரே நாட்டுக்குள் அதிகாரம் பகிர்வது, இணைப்பாட்சி என்றால் தனித்தனி நாடுகள் சேர்ந்து வைக்கும் ஏற்பாடு, ஆகவே கட்சி சொல்லை மாற்றி நோக்கத்தையும் மாற்றிவிட்டது என்பது மனுதாரர் வாதம். அப்படியில்லை, இரண்டும் ஒன்றுதான், ஒன்று வடமொழி மற்றது தமிழ் என்பது கட்சியின் பதில்.

அப்போது கட்சியின் செயலாளராக இருந்தவர் மாவை சேனாதிராசா. அவர் 2025 ஜனவரியில் காலமானார். சிறையும் போராட்டமுமாக இருந்த ஒரு மனிதர், கடைசிக் காலத்தில் ஒரு சொல்லின் பொருளுக்காக நீதிமன்றத்தில் பிரதிவாதியாக நிற்கவேண்டி வந்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. இந்தக் கட்சிக்கு இது புதிதும் இல்லை. 1949-இல் செல்வநாயகம் தொடங்கியபோதே தமிழில் 'தமிழரசுக் கட்சி', ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி'. தமிழில் அரசு என்கிறீர்கள், ஆங்கிலத்தில் வேறு சொல்கிறீர்கள், எது உண்மை என்று அப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பஸ்ஸின் வயிற்றில் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கிறது, யாரும் பயப்படுவதில்லை. எங்கள் ஊரில் நாங்கள் ஆட்சி நடத்துவதை அரசாங்கம் என்றும் நாட்டை அரசு என்றும் கவனமாகப் பிரித்துச் சொல்வோம். பிரித்துச் சொல்லப் பழகிய பிறகு, 'அரசு' என்ற மூன்றெழுத்துக்குள் ஒரு எல்லைக்கோடு இருப்பது போலத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

வெறுமையான ஆசனங்களின் விவாதம்

157அ வந்த கதை தெரிந்ததுதான், ஆனால் அதன் நாட்காட்டியை ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24-ஆம் திகதி கொழும்பில் தமிழர் வீடுகளுக்குத் தீ வைக்கத் தொடங்கினார்கள். 28-ஆம் திகதி ஜனாதிபதி ஜெயவர்தன தொலைக்காட்சியில் தோன்றினார். எரிந்த வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு அந்த உரையில் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இருக்கவில்லை. நாட்டைப் பிரிக்கக் கேட்பவர்களுக்கு எதிராகச் சட்டம் வரும் என்ற செய்திதான் இருந்தது. ஓகஸ்ட் 4, 157அ-வைக் கொண்டுவந்த ஆறாவது திருத்தம் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. 8-ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைத்துவிட்டார். தீ வைத்ததற்கும் சட்டம் சபைக்கு வந்ததற்கும் இடையில் பதினொரு நாள். அகதி முகாம்களில் ஆட்கள் இன்னும் மாற்றுடுப்புக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்களும் நின்றோம்.

சரி, அந்த விவாதத்தில் யார் இருந்தார்கள்? 1977 தேர்தலில், தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு ஆசனங்கள் கிடைத்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். தனிநாடு கேட்டு வட்டுக்கோட்டையில் தீர்மானம் போட்டு, அதையே மக்களிடம் சொல்லி வாக்கு வாங்கி வந்தவர்கள் அவர்கள். சட்டம் குறிவைத்தது அவர்களைத்தான். அவர்கள் சபையில் இல்லை. கொழும்பில் ஒரு தமிழர் தெருவில் நடப்பதே ஆபத்தாக இருந்த நாட்கள் அவை. ஒரு கட்சியின் நோக்கத்தைச் சட்டவிரோதமாக்கலாமா என்ற விவாதம், அந்தக் கட்சியின் ஒரு குரலும் இல்லாமல் நடந்து முடிந்தது. பிறகு அவர்கள், தனி அரசை ஆதரிக்கமாட்டோம் என்று திருத்தம் கேட்ட புதிய சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்தார்கள், மூன்று மாதம் சபைக்கு வராத காரணத்தால் ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் கதிரையும் காலியானது. யாரும் அவர்களைத் தடைசெய்யவேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொன்று. அந்தப் பாராளுமன்றம் 1977 ஓகஸ்ட் 4-இல் கூடியது, அதன் ஆயுள் ஆறு வருடம். அதாவது ஆறாவது திருத்தம் விவாதிக்கப்பட்ட அதே நாளோடு, முறைப்படி பார்த்தால், அந்தப் பாராளுமன்றத்தின் காலம் முடிந்திருக்கவேண்டும். 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்களே, விளக்குச் சின்னமும் குடச் சின்னமும், அதன் மூலம் ஆயுளை 1989 ஓகஸ்ட் 4 வரை நீட்டிக்கொண்டார்கள். ஆக, கடன்வாங்கிய காலத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சபை, அந்தக் கடன் தொடங்கிய நாளில், இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டது. இது திட்டமிட்ட தற்செயலா வெறும் தற்செயலா என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் "பாராளுமன்றமே விவாதித்து நிறைவேற்றியது" என்று யாராவது மேசையில் தட்டிச் சொன்னால், எந்தப் பாராளுமன்றம் என்று கேட்கத் தோன்றும்.

எங்கள் அரசியலமைப்பில் ஒரு பொல்லாத வசனம் உண்டு, 80-ஆம் உறுப்புரையில். சபாநாயகரோ ஜனாதிபதியோ சான்றுரைத்த பிறகு, அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. வேறு நாடுகளில் பாராளுமன்றம் தவறினால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தைரியம் இருக்கும். இங்கே நிறைவேறிய பிறகு கேட்க இடமில்லை, கேட்கக்கூடிய கடைசி இடங்களில் ஒன்று அந்தச் சபை. அந்த இடத்தில் ஆள் இல்லை.

இதே மாதிரி ஒன்றை இந்தியாவும் இருபது வருடம் முன்பே செய்தது. 1963-இல் பதினாறாவது திருத்தம், பிரிவினை பேசுவதைத் தடுப்பது, வேட்பாளர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்போம் என்று சத்தியம் செய்வது. திராவிட நாடு கேட்ட தி.மு.க.வை மனத்தில் வைத்துத்தான் அது வந்தது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தச் சட்டமூலம் மாநிலங்களவைக்கு வந்தபோது அண்ணாதுரை அங்கே உறுப்பினர். எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார். பேசி என்ன, தோற்றார், சட்டம் வந்தது, கட்சியும் கோரிக்கையைக் கைவிட்டது. நான்கு வருடத்தில் 1967-இல் ஆட்சிக்கும் வந்தது. இதை வைத்து இந்தியா நல்லது இலங்கை கெட்டது என்று சொல்ல வரவில்லை, அந்தச் சட்டத்தையும் நான் ஏற்கவில்லை. தோற்பதற்காவது ஒரு ஆசனம் இருந்தது, அதைத்தான் சொல்கிறேன். எதிர்த்துப் பேசிய பேச்சு பதிவில் இருக்கிறது. எங்கள் பாராளுமன்றப் பதிவான ஹன்சார்டில் அந்த நாளுக்கு அந்தக் கட்சியின் குரலில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

ஆறு வினைச்சொற்கள்

தொழில் புத்தி போகாது, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். 157அ உறுப்புரையின் ஆங்கில வாசகத்தில், தனி அரசு அமைப்பது தொடர்பாக ஒருவர் செய்யக்கூடாதவை என்று ஆறு வினைகள் வரிசையாக நிற்கின்றன. ஆதரிப்பது, தழுவிக்கொள்வது, மேம்படுத்துவது, பணம் கொடுப்பது, ஊக்குவிப்பது, பரிந்து பேசுவது என்று நான் எனக்காகப் பிரித்துவைத்திருக்கிறேன். இந்த ஆறில் கையால் செய்யும் காரியம் என்று பார்த்தால் பணம் கொடுப்பது ஒன்றுதான். மற்ற ஐந்தும் பெரும்பாலும் வாயாலும் மனத்தாலும் செய்வது. அதன் மேல் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ', அதற்கும் மேல் 'இலங்கைக்கு உள்ளேயோ வெளியேயோ'. மீறினால் ஏழு வருடம் வரை குடியியல் உரிமை போகும், குடும்பம் பிழைப்பதற்கு அவசியம் என்று நீதிமன்றம் விட்டுவைப்பது தவிர மிச்சச் சொத்தும் போகும். ஆயுதம் தூக்குவது பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் அதற்கு வேறு சட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. இது பேசுகிறவனுக்கு என்றே வெட்டித் தைத்த சட்டம்.

அரச உத்தியோகத்தர், சட்டத்தரணி, நீதியரசர், பாராளுமன்ற உறுப்பினர் என்று எல்லோரும் ஏழாம் அட்டவணைச் சத்தியத்தைச் செய்யவேண்டும். என் அப்பா ஒரு அரச கந்தோரில் எழுதுவினைஞர். வெள்ளவத்தை வாடகை வீடு எரிந்த பிறகு எங்களை எல்லாம் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பிவிட்டு, செப்டம்பரில் தனியாகக் கொழும்புக்குத் திரும்பினார். சம்பளம் அங்கேதானே. அங்கிருந்து அம்மாவுக்கு எழுதிய ஒரு நீல நிறக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அரிசி விலை, சாப்பாட்டுக்கடை, எரிந்த வீட்டில் தேடிப்பார்த்ததில் தையல் மெசினின் இரும்புத் தலை மட்டும் கிடைத்தது, இப்படிப் போகும். நடுவில் ஒரே ஒரு வரி: "கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள், கையெழுத்து வைத்துவிட்டேன்." அடுத்த வரி, சின்னவனின் இருமலுக்கு என்ன மருந்து கொடுக்கிறாய் என்று. அப்பா எந்தக் கட்சிக்கூட்டத்துக்கும் போனவரில்லை. தன் வீட்டை எரித்தவர்களைப் பற்றி எந்தப் படிவமும் யாரும் நீட்டாத ஊரில், நாட்டை உடைக்கமாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுக்கவேண்டி இருந்தது.

அதே செப்டம்பரில் நடந்த இன்னொரு கூத்து பலருக்கும் மறந்துபோயிருக்கும். உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் நீதியரசர்கள் வேலைக்கு வந்தபோது கதவுகள் பூட்டிக் கிடந்தன, வாசலில் பொலிஸ் காவல். அவர்கள் சத்தியம் செய்யாமல் விட்டவர்கள் அல்ல. குறித்த காலத்துக்குள் ஜனாதிபதி முன்னிலையில் செய்யவில்லை, அதனால் பதவி போய்விட்டது என்றார்கள். பிறகு புதிதாக நியமனம் கொடுத்து உள்ளே விட்டார்கள். நாட்டின் மிகப்பெரிய நீதியரசர்களே ஒரு சத்தியத் தாளினால் தங்கள் வாசலில் நின்றார்கள் என்றால், ஒரு எழுதுவினைஞர் நீலக் கடிதத்தில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதில் என்ன ஆச்சரியம்.

நான் 1994-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் அதே தாள். ரோனியோவில் அடித்து, மை ஊறி, 'மறைமுகமாகவோ' என்பதில் முதல் எழுத்து கறுப்புப் பொட்டாகியிருந்தது. எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்தான் சத்தியத் தாளில் முத்திரை குத்தும் சமாதான நீதவான். கையெழுத்து வைத்த பிறகு முத்திரையை ஊதிக் குத்திவிட்டு, "தம்பி, மொழிபெயர்க்கிற வேலை எண்டனீர். இனிச் சொல்லுகளை எடுத்து வைக்கேக்கை கொஞ்சம் பார்த்து வையும்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

சொல்லின் பொருள்

2017 ஓகஸ்ட் 4 தீர்ப்பு வந்தது. ஆம், மறுபடியும் ஓகஸ்ட் 4, இந்தத் திகதிக்கு எங்களோடு ஏதோ கணக்கு இருக்கிறது. பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் உள்ளிட்ட மூவர் அமர்வு. மனு தள்ளுபடி. இருக்கிற நாட்டுக்குள்ளே சமஷ்டி ஆட்சிமுறை வேண்டும் என்று கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்றார்கள். ஒற்றையாட்சி, சமஷ்டி என்ற முத்திரைகள் சில வேளை ஆளை ஏமாற்றும், ஒற்றையாட்சி என்று சொல்லும் நாடுகளிலும் சமஷ்டிக் குணம் இருக்கும் என்றும் விளக்கினார்கள். கனடாவின் கியூபெக் பற்றிய தீர்ப்பையும் எடுத்து, சுயநிர்ணயம் என்றாலே வெளியேறுவது என்று அர்த்தமில்லை, உள்ளேயே இருந்தும் அந்த உரிமையை அனுபவிக்கலாம் என்பதையும் பேசினார்கள். இணைப்பாட்சி பற்றிக் கட்சி சொன்ன விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று மதியம் அய்யே பத்திரிகையை என் மேசையில் வைத்தார். "மல்லி, நீ பார்க்கிறன் எண்ட அகராதியை அவங்களே பார்த்திட்டாங்கள்" என்றார், சிங்களத்தில். சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று வருடமாக அவரும் அதை மறக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

இங்கேதான் நான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். நண்பர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை, அது துணிச்சலான தீர்ப்புத்தான், 1983-இல் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. ஆனால் கட்சி தப்பியது எப்படி? அதன் சொல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பொருள்தான் இருக்கிறது என்று நிரூபித்ததால். பொருள் மற்றதாக இருந்திருந்தால்? யாரையும் அடிக்காமல், வாக்குக் கேட்டு, மேடை போட்டு, உண்மையாகவே இணைந்த இரண்டு அரசுகள் வேண்டும் என்று ஒரு கட்சி சொல்லியிருந்தால், அதைத் தடைசெய்வது நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. போகவும் முடியாது, 80-ஆம் உறுப்புரை வாசலில் நிற்கிறது. கதவு பூட்டியே இருந்தது. பூட்டுக்கு இந்தப் பக்கம்தான் நீங்கள் நிற்கிறீர்கள், பயப்படாதீர்கள் என்று சொன்னார்கள்.

அதே 2017-இன் ஜனவரியில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தடைசெய்ய மறுத்தது. அந்தக் கட்சியின் நோக்கம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனால் அதைச் சாதிக்கும் பலம் இதற்கு இருப்பதற்கு அறிகுறியே இல்லை, ஆகவே தடை இல்லை என்றார்கள். அங்கே நோக்கத்தோடு வல்லமையையும் எடைபோடுகிறார்கள். 157அ-வில் தராசுக்கு ஒரே தட்டுத்தான். 'நோக்கங்களில் ஒன்று' போதும். பத்துப் பேர் உள்ள கட்சியாக இருந்தாலும், யாப்பின் ஒரு வரியில் ஒரு சொல் பிழைத்தாலும் போதும். அப்படிப்பட்ட சட்டத்தில் வழக்கறிஞரைவிட மொழிபெயர்ப்பாளன்தான் ஆபத்தான ஆள்.

சரி, இணைப்பாட்சி எண்டால் என்ன? பதினொரு வருடம் தாமதமாக என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 'இணை' என்பதற்குத் தமிழில் சேர்ப்பது என்றும் பொருள், சோடி, நிகர் என்றும் பொருள். "இணையான" என்றால் சமமான. ஆகவே இணைப்பாட்சி என்ற சொல்லுக்குள் சேர்ந்திருப்பதும் இருக்கிறது, சமமாக நிற்பதும் இருக்கிறது. இந்தியத் தமிழில் கூட்டாட்சி என்பதைத்தான் நாங்கள் சமஷ்டி என்கிறோம், சமஷ்டியைத் தமிழாக்கினால் இணைப்பாட்சி என்று வருவதில் எந்தக் களவும் இல்லை. அதேவேளை, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் இருந்த சிலருக்காவது 'சமஷ்டியைவிடக் கொஞ்சம் கூட' என்ற ஒரு இனிப்பு நாக்கில் இருந்திருக்கலாம் என்றும் நினைக்கிறேன். அரசியல்வாதிகள் சொற்களை அப்படித்தான் எடுப்பார்கள், இரண்டு பக்கமும் பேசக்கூடிய சொல்லாகப் பார்த்து. சிங்கள அரசியலிலும் அதே கதைதான். 2017 செப்டம்பரில் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தது. 'ஒற்றையாட்சி' என்பதற்குப் பதிலாகத் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும், சிங்களத்தில் பழைய 'ஏக்கிய' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு 'ஏக்கிய ராஜ்யய' என்றும் போட்டார்கள். தெற்கில் சிலர் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினார்கள், வடக்கிலும் சிலர் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினார்கள். இரண்டு சொல்லும் ஒரே காகிதத்தில். மொழிபெயர்த்தவர் யாரோ, பாவம், அந்த மனிதரின் நித்திரையை நினைத்துப் பார்த்தேன்.

இந்தப் பதிலை 2014-இல் அய்யேக்குச் சொல்லியிருக்கலாம். இருமனப்பட்ட சொல் அய்யே, இப்படியும் அப்படியும் போகும் என்று. அவர் நல்ல மனிதர், என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். 83-இல் தன் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தை மூன்று நாள் தன் வீட்டுக்குள் வைத்திருந்தவர். பயம் அவரிடம் இல்லை. பிறகு யாரிடம்? யாரிடமும் இல்லை, அதுதான் விஷயம். 'இப்படியும் போகும்' என்று ஒரு அரச உத்தியோகத்தன் சொல்வது ஆறு வினைகளில் எதற்குள்ளாவது விழுமா என்று என் மூளை ஒரு கணத்துக்குள் கணக்குப் பார்த்துவிட்டது. தடை என்று ஒன்றைப் போட்டு ஒரு கட்சியின் கதவைப் பூட்டுவதைவிட, தடை வரக்கூடும் என்ற ஒரு உறுப்புரையை முப்பது வருடம் சும்மா வைத்திருப்பது எவ்வளவு மலிவான வேலை.

உண்மையாகவே தடைசெய்யப்பட்டவர்களின் கதை வேறு. 83 ஜூலை முடிவில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி), கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி மூன்றையும் அவசரகால விதியின் கீழ் தடைசெய்தார்கள், கலவரத்துக்குப் பின்னால் இவர்கள்தான் என்று. விவாதமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மற்ற இரண்டுக்கும் பிறகு தடை நீங்கியது. ஜே.வி.பி.க்கு 88 வரை நீங்கவில்லை, அதற்குள் அவர்கள் தலைமறைவாகி, நாட்டின் தெற்கு இரத்தத்தில் நனைந்துவிட்டது. 71 கிளர்ச்சியிலும் தடைசெய்யப்பட்ட கட்சி அது. இரண்டு முறை தடைசெய்யப்பட்ட அந்தக் கட்சியின் தலைவர்தான் 2024 செப்டம்பரிலிருந்து ஜனாதிபதி. நவம்பர் பொதுத்தேர்தலில் அவர்களுடைய தேசிய மக்கள் சக்திக்கு 225-இல் 159 ஆசனம், மூன்றில் இரண்டுக்கும் மேலே. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று. நாற்பது வருடத்துக்கு முன் தங்கள் பெயரைத் தடைப்பட்டியலில் படித்த கட்சிக்காரர்களும், தமிழரசுக் கட்சியின் எட்டுப் பேரும், ஒரே சபையில் ஒரே ஏழாம் அட்டவணைச் சத்தியத்தைச் செய்தார்கள். கட்சித் தடை பற்றி அனுபவத்தோடு விவாதிக்க இதைவிடத் தகுதியான சபை இந்த நாட்டுக்குக் கிடைக்காது. எண்ணிக்கையும் இருக்கிறது. நான் இதை எழுதும்வரை 157அ அங்கேயே இருக்கிறது.

போன மாதம் மகளுக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. படிவக் கட்டை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். சத்தியத் தாள் இப்போது ரோனியோ இல்லை, ஆனால் போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து, சாய்ந்து, கடைசி வரியின் பாதி ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அந்த அதிபர் இப்போது இல்லை. அவருடைய மகன்தான் சமாதான நீதவான், முத்திரைக்கு மட்டும் போனால் போதும். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, மறைமுகமா ஊக்குவிக்கிறது எண்டால் என்ன? ஒரு ஆள் மறைமுகமா ஊக்குவிக்கேல்லை எண்டு எப்படித் தெரியும்?"

அம்மா குசினிக்குள் இருந்து, "உதுக்கெல்லாம் அர்த்தம் கேளாமல் கையெழுத்தை வை பிள்ளை, நாலு மணிக்குள்ளை கொண்டுபோய்க் குடுக்கவேணும்" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் வெட்டுப்பட்ட வரியைக் காட்டி, இது முழுசாக இல்லை, வேறு கொப்பி கேட்டு வாங்கு என்றேன்.